வெளிநாட்டு டிராயிங்கில் உள்ளூர்க் கையெழுத்து: ஒரு கோவை ஆர்க்கிடெக்ட்டுக்குப் பதில்

கோவையிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்குகிறேன்.

அவருக்கு வயது 47. சொந்தமாக அலுவலகம் போட்டு இருபது வருடம் ஆகிறது, பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒரு மருத்துவமனைக் குடும்பத்துக்கு முதல் 40 படுக்கைக் கட்டடத்தில் ஆரம்பித்து நர்ஸிங் காலேஜ் வரை ஐந்து கட்டடங்கள் செய்து கொடுத்திருக்கிறார். 2023ல் பெரிய டாக்டர் கேட்டார் என்பதற்காக 350 படுக்கையில் ஒரு புது கேம்பஸுக்கு கான்செப்ட் போட்டார். ஃபீஸ் பேசவில்லை, எழுத்தில் எதுவும் இல்லை, "நம்ம டாக்டர்தானே" என்று விட்டுவிட்டார். இப்போது நிர்வாகம் மகன் கைக்கு வந்திருக்கிறது. மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு டிசைன் நிறுவனத்தை அழைத்து வந்துவிட்டார். முதல் பிரசென்டேஷனுக்கு நம் வாசகரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். ஒன்பதாவது ஸ்லைடில் தான் போட்ட வேப்பமர முற்றமும் அதைச் சுற்றி வளைந்து போகும் ஓபி வராந்தாவும் அப்படியே வந்ததாம். மரம் மட்டும் வேறு மரம் என்று எழுதுகிறார்.

மறுவாரம் இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. நீங்கள் 'லோக்கல் ஆர்க்கிடெக்ட்', அப்ரூவல் டிராயிங் போட்டுக் கையெழுத்து போட வேண்டும், கட்டடம் முடியும்வரை சைட் பார்க்க வேண்டும். கட்டட மதிப்பு சுமார் 120 கோடி. அதில் அவர்களுக்கு 4 சதவீதம், இவருக்கு 0.6. பதினைந்து நாளில் பதில் வேண்டும்.

அவருடைய கேள்விகள் இவை. டபிள்யூடிஓவும் (உலக வர்த்தக அமைப்பு) சிங்கப்பூர் வர்த்தக ஒப்பந்தமும், இப்போது பிரிட்டன் ஒப்பந்தமும் கதவைத் திறந்துவிட்ட பிறகு எங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும்? இந்தியாவில் பதிவு இல்லாதவர்கள் டிசைன் செய்வது சட்டவிரோதம்தானே, ஆர்க்கிடெக்ட்டுகளைப் பதிவு செய்யும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் புகார் கொடுத்து நிறுத்தலாமா? கையெழுத்து போடலாமா, வேண்டாமா? அரசு வேலைகளும் இனி வெளிநாட்டவருக்கே போய்விடுமா? பேசாமல் நாமும் வெளிநாட்டு வேலைக்கே போய்விடலாமா?

மேடம், "கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும்" என்று முடித்திருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான், ஆனால் அது தவறான விலாசத்துக்குப் போகிறது. கட்டுமான ஒப்பந்தத் தகராறுகளையே முக்கால்வாசி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் வக்கீல் என்ற முறையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கதவு எப்போது திறந்தது?

சேவை வர்த்தகத்துக்கான உலக ஒப்பந்தம், காட்ஸ் என்கிறார்களே அது, நடைமுறைக்கு வந்தது 1995 ஜனவரி 1 அன்று. இலங்கையின் ஜெஃப்ரி பாவா மதுரை கிளப்பைக் கட்டியது 1970களின் தொடக்கத்தில். அகமதாபாத் ஐஐஎம் வேலைக்கு அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி கான் வந்தது அறுபதுகளில். சண்டிகரும் அதை வடிவமைத்த கார்பூசியரும் அதற்கும் முந்தைய கதை. அவ்வளவு பின்னால் போக வேண்டாம், சென்னை ஓமந்தூரார் தோட்டத்துத் தலைமைச் செயலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010ல் திறந்தார்களே, குவிமாடம் முடியாமல் தோட்டா தரணியைக் கூப்பிட்டு செட் போட்டு விழா நடத்தி, அப்புறம் ஆட்சி மாறி மருத்துவமனையான அதே கட்டடம். டிசைன் செய்தது ஹாம்பர்க்கின் ஜிஎம்பி நிறுவனம். அன்றைக்கு ஜெர்மனியோடு நமக்கு எந்தத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமும் கிடையாது. மும்பை, பெங்களூர் விமான நிலையங்களின் டி2 முனையங்கள் அமெரிக்காவின் எஸ்ஓஎம் நிறுவனம் டிசைன் செய்தவை, அமெரிக்காவோடும் அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கவில்லை.

ஆக, ஒப்பந்தம் வந்ததால் இவர்கள் வரவில்லை. இன்னும் சொல்லப்போனால் டபிள்யூடிஓவில் இந்தியா முதலில் கொடுத்த உறுதிமொழிப் பட்டியலில், தொழில்முறைச் சேவைகள் என்ற தலைப்பின் கீழ் இன்ஜினியரிங்தான் இருந்தது, ஆர்க்கிடெக்சர் இல்லை. 2005ல் சேர்க்கிறோம் என்று ஒரு திருத்திய பட்டியலை நீட்டினோம், தோஹா சுற்று என்ற டபிள்யூடிஓ பேச்சுவார்த்தை நின்றுபோனதில் அதுவும் அப்படியே நின்றது.

அப்படியானால் ஒப்பந்தங்களுக்கு என்னதான் வேலை என்று கேட்பீர்கள். ஏற்கெனவே திறந்து கிடக்கும் கதவை இனிமேல் மூட மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது, பெரும்பாலும் அவ்வளவுதான். 2005 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சிங்கப்பூர் ஒப்பந்தமும் 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தமும் வாடிக்கையாளர் மகனின் மனதை மாற்றவில்லை. அவை இல்லாவிட்டாலும் அவர் அதே நிறுவனத்தைக் கூப்பிட்டிருக்கலாம், எந்தச் சட்டமும் தடுத்திருக்காது. டிசைன் கன்சல்டன்சிக்கு வெளிநாட்டு முதலீட்டில் தனித் தடை எதுவும் நம் கொள்கையில் இல்லை. அவர்கள் இங்கே அலுவலகம்கூடப் போட வேண்டாம், சிங்கப்பூரில் உட்கார்ந்து ஃபைல் அனுப்பினால் போதும். வர்த்தக பாஷையில் அதற்கு 'முதல் வகை' சேவை என்று பெயர். இமெயில் அட்டாச்மென்ட்டுக்குச் சுங்கச்சாவடி ஏது?

பிரிவு 37 எதைக் காக்கிறது

இரண்டாவது கேள்வியில்தான் நீங்கள் அதிகம் நம்பிக்கை வைத்திருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின் 37ஆவது பிரிவு, பதிவு செய்யாதவர்கள் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. கட்டடத்தை டிசைன் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. இதில் உயர் நீதிமன்றங்கள் வேறு வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தன, 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: அந்தப் பிரிவு காப்பது பெயரை மட்டும், தொழிலை அல்ல. நொய்டா ஆணையத்தில் பதிவில்லாத ஒருவருக்கு 'ஆர்க்கிடெக்ட்' என்ற பதவிப்பெயர் கொடுக்கலாமா என்பதில் கிளம்பிய வழக்கு அது. வேலை செய்யட்டும், அந்தப் பெயரை மட்டும் கொடுக்காதே என்பதுதான் சாரம்.

அதே பிரிவில் இன்னொரு வாசலும் இருக்கிறது. வெளிநாட்டில் ஆர்க்கிடெக்ட்டாகத் தொழில் செய்பவர், குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கு கன்சல்டன்டாகவோ டிசைனராகவோ இங்கே வேலை செய்ய, மத்திய அரசின் முன் அனுமதி வாங்கினால் பட்டம் பற்றிய தடையே அவருக்குக் கிடையாது. பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்கள் அந்த அனுமதிக்குக்கூட மெனக்கெடுவதில்லை. போர்டிலும் டிராயிங்கிலும் 'டிசைன் கன்சல்டன்ட்' என்று போட்டுக்கொண்டால் முடிந்தது. உங்களுக்கு வந்த கடிதத்தைத் திரும்பப் பாருங்கள், தங்களை ஒரு இடத்திலாவது 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்கிறார்களா? நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால் இல்லை. அவர்களுக்கும் வக்கீல் இருக்கிறார்.

சரி, ஏதோ ஒரு டிராயிங்கில் மறந்து போட்டுவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 1972ல் சட்டத்தில் எழுதிய அபராதம் முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை. உங்கள் அலுவலகத்தில் ஒரு செட் பிரிண்ட் எடுக்கவே அதற்கு மேல் ஆகும். புகார் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உங்கள் உரிமை அது. ஆனால் அது வேலையை நிறுத்தாது, வாடிக்கையாளரை மட்டும் இழப்பீர்கள். இன்னொன்றும் இருக்கிறது: கவுன்சில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடிவது தன்னிடம் பதிவு செய்தவர்கள் மேல் மட்டும். அந்த மேசையில் அப்படிப்பட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. வக்கீல்கள் சட்டம் பெயரை மட்டும் காக்கவில்லை, தொழிலையே வளைத்து வேலி போட்டிருக்கிறது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இங்கே தொழில் செய்ய முடியாது, எப்போதாவது வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023ல் பார் கவுன்சிலே விதி போட்டு, வெளிநாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்ல மட்டும் வாசலைத் திறந்தது, அதுவும் எங்களவர்களை அங்கே விட்டால்தான் இங்கே விடுவோம் என்ற கணக்கில். எங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா என்றால், ஆம், அப்படித்தான் இரண்டு சட்டங்களும் எழுதப்பட்டிருக்கின்றன.

இதை மாற்ற டபிள்யூடிஓ தடையாக இருக்கிறது என்ற எண்ணமும் சரியில்லை. கட்டட பிளானில் கையெழுத்து போட உள்நாட்டுப் பதிவும் லைசென்ஸும் வேண்டும் என்று ஒரு நாடு எல்லோருக்கும் பொதுவாக, தேவைக்கு மேல் பாரமில்லாமல் விதி வைப்பதை காட்ஸ் தடுக்கவில்லை. சிங்கப்பூரையே பாருங்கள், அங்கே பிளான் சமர்ப்பிக்க அந்த நாட்டு போர்டில் பதிவும் நடப்பு ஆண்டுச் சான்றும் வேண்டும், அவர்களும் டபிள்யூடிஓ உறுப்பினர்கள்தான். உங்கள் சங்கம் மனு கொடுக்க வேண்டிய இடம் டெல்லி, டபிள்யூடிஓ இருக்கும் ஜெனீவா இல்லை. ஆனால் பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டிய உங்களுக்கு அது உதவாது.

கையெழுத்து

இப்போது விஷயத்துக்கு வருவோம். அவர்களுக்கு உங்களிடம் வேண்டியது உங்கள் டிசைன் இல்லை, அது வலிக்கும் என்று தெரியும். அவர்களுக்கு வேண்டியது உங்கள் பதிவு எண்ணும் கையெழுத்தும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019ன்படி பிளானில் கையெழுத்து போடும் பதிவுபெற்ற நிபுணர் வெறும் தபால்காரர் அல்ல, உறுதிமொழிப் படிவத்தில் பொறுப்பை எழுதிக் கொடுக்கிறவர். டிடிசிபிக்கோ (நகர் ஊரமைப்பு இயக்ககம்) மாநகராட்சிக்கோ தீயணைப்புத் துறைக்கோ ஒரு கேள்வி வந்தால் ஃபோன் சிங்கப்பூருக்குப் போகாது, உங்களுக்குத்தான் வரும்.

சில வருடத்துக்கு முன் என்னிடம் ஒரு வழக்கு வந்தது. ஊர், பெயர் வேண்டாம். உங்களைப் போலவே ஒரு லோக்கல் ஆர்க்கிடெக்ட், மருத்துவமனைதான் அதுவும். வெளிநாட்டு டிராயிங்கில் மாடிப்படி ஒன்றரை மீட்டர் அகலம். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 மருத்துவமனைக்குக் கேட்பது இரண்டு மீட்டர், ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் இறங்க வேண்டுமல்லவா. அரை மீட்டர்தானே என்று தோன்றும். படிக்கட்டு அகலமானால் லிஃப்ட் சுவர் நகரும், சுவர் நகர்ந்தால் தூண் நகரும், ஏழு மாடிக்கும் ஸ்டிரக்சுரல் டிராயிங் புதிதாகப் போட வேண்டும். அந்த மனிதர் கான்செப்ட் நிலையிலேயே பார்த்திருந்தால் அரை நாள் வேலை. அவருக்கு டிராயிங் வந்ததே அப்ரூவலுக்குக் கொடுப்பதற்குப் பத்து நாள் முன்புதான், வந்த அவசரத்தில் கையெழுத்து போட்டுவிட்டார். திருத்திய டிசைனுக்கு வெளிநாட்டு நிறுவனம் தனி பில் போட்டது. தாமதத்துக்கு வாடிக்கையாளர் நஷ்ட ஈடு கேட்டார், இரண்டும் இவர் தலையில். அவர் ஒப்பந்தத்திலும் உங்களுக்கு வந்த கடிதத்தின் ஏழாவது பத்தி இருந்தது, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில்.

அந்த ஏழாவது பத்தியை நீங்கள் "வழக்கமான ஷரத்துதான் போல" என்று ஒரு வரியில் தாண்டியிருக்கிறீர்கள். இல்லை. எல்லாச் சட்ட விதிகளுக்கும் லோக்கல் ஆர்க்கிடெக்ட் மட்டுமே பொறுப்பு, எந்தக் கோரிக்கை வந்தாலும் டிசைன் நிறுவனத்துக்கு நஷ்டமில்லாமல் அவர் ஈடுகட்ட வேண்டும் என்கிறது அது. டிசைனை மாற்றும் அதிகாரம் அவர்களிடம், மாற்றாததன் விளைவு உங்களிடம். 0.6 சதவீதம் குறைவு என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

அந்த 0.6ஐயும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 கோடியில் 72 லட்சம். அப்ரூவல், கட்டுமானம், கம்ப்ளீஷன் சர்டிபிகேட் எல்லாம் சேர்த்து 36 மாதம் என்றால் மாதத்துக்கு 2 லட்சம். அதில் ஒரு சீனியர், ஒரு ஜூனியர், ஒரு சைட் ஆள், வண்டி, பிரிண்ட், ஜிஎஸ்டி ஆடிட்டர். சதவீதத்தில் பேரம் பேசாதீர்கள், மேடம். ஆள் எண்ணிக்கையையும் மாதத்தையும் வைத்து ஒரு ஷீட் போட்டு மகன் முன்னால் வையுங்கள். எம்பிஏ படித்தவர், ஷீட் புரியும்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 350 படுக்கை மருத்துவமனை உங்கள் அலுவலகத்தின் அனுபவப் பட்டியலில் சேர்வது சாதாரண விஷயமில்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் கையெழுத்து போட வேண்டாம். நீங்கள் ஒரு மறு வரைவு கொடுங்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது:

யாரோடு ஒப்பந்தம்: நேராக மருத்துவமனையோடு. சிங்கப்பூர் நிறுவனத்தின் கீழ் சப்-கன்சல்டன்டாக மட்டும் போகாதீர்கள், போனால் அவர்களுக்குப் பணம் வந்த பிறகுதான் உங்களுக்கு என்று ஆகிவிடும்.

விதிச் சரிபார்ப்பு: கான்செப்ட் முடியும்போது ஒரு தடவை, அடுத்த கட்டமான ஸ்கீமாட்டிக் டிராயிங் முடியும்போது ஒரு தடவை, நீங்கள் விதிகளைப் பார்த்து எழுத்தில் குறிப்பு கொடுப்பீர்கள், அதற்குத் தனி ஃபீஸ். குறிப்பை ஏற்காமல் வரும் டிராயிங்கில் கையெழுத்து போட நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. இந்த ஒரு வரியை மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். டிராயிங் எடிட் செய்யக்கூடிய ஃபைலாக வர வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள், பிடிஎஃப் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பொறுப்பு: டிசைன் தவறுக்கு டிசைன் செய்தவர், அப்ரூவல் தவறுக்கு நீங்கள். உங்கள் பொறுப்புக்கு உச்சவரம்பு, நீங்கள் வாங்கும் ஃபீஸ் அளவு என்று கேளுங்கள், பேரத்தில் ஒன்றரை மடங்கு வரை விட்டுக்கொடுக்கலாம். தொழில் பொறுப்புக் காப்பீடு எடுத்து பிரீமியத்தை ஃபீஸில் சேருங்கள்.

தகராறு: கடிதத்தில் சிங்கப்பூர் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு, என்று இருக்கிறது. அங்கே வரும் தீர்ப்பு நியூயார்க் உடன்படிக்கையின்படி இங்கே செல்லும், எனவே "அங்கே போகாமலே இருந்துவிடலாம்" என்ற கணக்கு வேலைக்கு ஆகாது. 72 லட்சத்து வேலைக்கு சிங்கப்பூர் போய் வழக்காடினால் மிஞ்சப்போவது விமான டிக்கெட்தான். சென்னை என்று மாற்றுங்கள்.

ஒன்பதாவது ஸ்லைடு

நீங்கள் போகிற போக்கில் சொன்னது, ஆனால் உங்கள் கையில் இருக்கும் வலுவான சீட்டு இதுதான். பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) 1957ன்படி உங்கள் டிராயிங் கலைப் படைப்பு. அதன் முதல் உரிமையாளர் நீங்கள். பணம் கொடுத்து வரையச் சொன்னாலே ஆர்க்கிடெக்ட்டின் உரிமை தானாகக் கைமாறிவிடாது, எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் மாறும், இங்கே அவர்கள் பணமும் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: வேப்பமரத்தைச் சுற்றி முற்றம் என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை, நம் பாட்டி வீடுகளில் எல்லாம் இருந்ததுதான். வராந்தாவின் வளைவு, அளவு, வார்டுகள் அமைந்த விதம் உங்கள் டிராயிங்கிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தால்தான் பேச முடியும். இரண்டையும் ஒரே ஸ்கேலில் டிரேசிங் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

அப்படி ஒட்டினால் தாமதிக்காதீர்கள். அந்தச் சட்டத்தின் 59ஆவது பிரிவு பலருக்குத் தெரியாது: கட்டடம் கட்ட ஆரம்பித்துவிட்டால் அதை நிறுத்தச் சொல்லியோ இடிக்கச் சொல்லியோ கேட்க முடியாது, நஷ்ட ஈடு மட்டும்தான். கடப்பாறை விழுவதற்கு முன் உங்களுக்கு இருக்கும் பலம் விழுந்த பிறகு பாதியாகிவிடும். நோட்டீஸ் அனுப்பச் சொல்லவில்லை. பெரிய டாக்டரை நேரில் பார்த்து, 2023ல் நீங்கள் அனுப்பிய இமெயிலின் பிரிண்ட்டை மேசையில் வைத்து, இதற்கு ஒரு தொகையும் டிசைனில் பெயரும் வேண்டும் என்று சொல்லுங்கள். இருபது வருடப் பழக்கம், வக்கீல் நோட்டீஸைவிட அது நன்றாக வேலை செய்யலாம். செய்யாவிட்டால் நோட்டீஸ் எங்கும் ஓடிவிடாது.

வாடிக்கையாளரிடம் பேசும்போது எடுத்துக்கொடுக்க இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்தின் ஃபீஸ் "வரிகள் நீங்கலாக" என்றுதான் பெரும்பாலும் வரும். 4 சதவீதம் என்றால் 4 கோடியே 80 லட்சம். இந்தியா-சிங்கப்பூர் வரி ஒப்பந்தத்தின் 10 சதவீத வருமான வரியைப் பிடிக்க வேண்டி வந்து, அதையும் மருத்துவமனையே சுமந்தால் அது 5 கோடி 33 லட்சம் ஆகும். அந்த வித்தியாசம் 53 லட்சம், உங்கள் முழு ஃபீஸில் முக்கால்வாசி. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்பவருக்குப் பதில் வாங்குபவராக, மருத்துவமனையே கட்ட வேண்டும். மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் கட்டியதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. (உங்கள் பில்லுக்கும் ஜிஎஸ்டி இதே கதைதான், அதை மறைத்துப் பேசாதீர்கள்.) வரி பிடிக்க வேண்டிய வகை டிசைன்தானா என்பதை அவர்கள் ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம்.

அரசு வேலையும் போய்விடுமா?

இந்தப் பயம் தேவையில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் சேவைக்கு காட்ஸின் சந்தைத் திறப்பு விதிகள் பொருந்தாது. டபிள்யூடிஓவின் அரசுக் கொள்முதல் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, பார்வையாளர் மட்டும். மத்திய அரசில் 200 கோடி வரையிலான கொள்முதலுக்குப் பொதுவாக குளோபல் டெண்டரே விடக் கூடாது என்று 2020லேயே விதி வந்துவிட்டது. உங்களை வெளியே நிறுத்துவது, டெண்டரில் இரண்டாம் பக்கத்தில் வரும் 'மூன்று ஆண்டுச் சராசரி டர்ன்ஓவர்' என்ற வரி. அதை எழுதுவது நம்மூர் அதிகாரிகள், அதில் ஜெயிப்பது டெல்லி, மும்பை கன்சல்டன்சிகள். டெண்டருக்கு முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்துக்குப் போய் அந்த வரியைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், சிலர் கூட்டாகச் சேர்ந்து போடும் கன்சார்ஷியத்துக்கு அனுமதி கேளுங்கள். கோவையிலிருந்து யாராவது கடைசியாக எப்போது கேட்டார்கள்?

நாமும் போகலாமா

போகலாம், ஆனால் அவர்கள் இங்கே இருப்பது போலத்தான் நீங்கள் அங்கே இருப்பீர்கள்: வரையலாம், கையெழுத்து போட அங்கே ஒருவர் வேண்டும். சிங்கப்பூரில் பதிவு இல்லாமல் பிளான் கொடுக்க முடியாது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி லைசென்ஸ். பிரிட்டனில் நம்மைப் போலவே பட்டத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. ஒருவர் பதிவை மற்றவர் ஏற்கும் ஒப்பந்தம் சீக்கிரம் வரும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். 2005 சிங்கப்பூர் ஒப்பந்தத்திலேயே ஆர்க்கிடெக்சர், நர்ஸிங் உள்பட ஐந்து தொழில்களுக்கு அப்படிச் செய்வோம் என்று எழுதினார்கள். பன்னிரண்டு மாதத்தில் பேசி முடிப்பதாகப் பேச்சு, நர்ஸிங்குக்கு அது கையெழுத்தானது 2018ல்.

உங்களிடம் ரெவிட் என்ற டிராயிங் சாஃப்ட்வேர் தெரிந்த மூன்று பேர் இருக்கிறார்கள் என்றீர்கள். ஒரு ஆஸ்திரேலிய நிறுவனம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வொர்க்கிங் டிராயிங் வேலையை எடுங்கள், மாதக் கட்டணத்துக்கு, ஆறு மாதம் பார்த்துவிட்டு நீட்டிக்கலாம். ஒரே ஒரு ஜிஎஸ்டி விஷயத்தில் கவனம். ஆர்க்கிடெக்ட் சேவையில் இரண்டு தரப்பில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், கட்டடம் எங்கே நிற்கிறதோ அதுதான் சேவை நடந்த இடம். பெர்த்தில் நிற்கும் வீட்டுக்கு வரைந்து டாலரில் வாங்கினால் ஏற்றுமதி, எல்யூடி என்ற உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டால் வரியில்லாமல் பில் போடலாம். துபாயில் இருக்கும் ஒருவர் பொள்ளாச்சியில் கட்டும் வீட்டுக்கு வரைந்தால், பணம் திர்ஹாமில் வந்தாலும் அது ஏற்றுமதி கிடையாது, 18 சதவீதம் உண்டு. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் "என்ஆர்ஐ வீடுகள் நாலைந்து செய்தோம், அதற்கு வரியில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே அந்த பில்களை எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.